கடலுக்குள் பேக்கரி போடச் சொன்ன இட ஆய்வுச் சேவை: என் அனுபவம்

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அதில் ஒரு நட்சத்திரம் மூன்றாவது அறிக்கையின் 11ஆம் பக்கத்துக்கு மட்டும்.

திருகோணமலை நகருக்குள் எங்களுக்கு ஒரு பேக்கரி இருக்கிறது. அப்பா காலத்து விறகுப் போறணை (பாண் சுடுகிற அடுப்பு), தெருத்தெருவாய்ப் பாண் விற்கிற ஏழு ஓட்டோ, ஒரு பட்டா என்கிற சின்ன லொறி. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் போகிற ஓட்டோக்களால் தலையிடி இல்லை, விடியப் போனால் எட்டரைக்குள் வெறும் பெட்டியோடு வந்துவிடும். தொல்லை தெற்குப் பக்கம்தான். சீனக்குடா, கிண்ணியா, மூதூர் என்று விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு போகிற மூன்று ஓட்டோவும் குடிக்கிற எரிபொருளைப் பார்த்தால் பாணை விட்டுவிட்டு பெற்றோலையே விற்றிருக்கலாம் என்று மனைவி 2022இலேயே சொல்லிவிட்டாள். அந்த வருடத்து எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையைக் காட்டினால் ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர் என்று அளந்து ஊற்றினார்களே, எங்கள் வீட்டில் கிலோமீட்டர் எண்ணும் பழக்கம் தொடங்கியது அப்போதுதான். தெற்குப் பக்கத்துக்கென்று இரண்டாவது பேக்கரி ஒன்று போடலாமா, போடுவதென்றால் எங்கே என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தபோது கூட்டாளி ஒருவர் இந்தச் சேவையைச் சொன்னார். கிளைக்கு இடம் பார்த்துத் தருவார்களாம். நான் முதலில் வாஸ்துக்காரர் என்று நினைத்துவிட்டேன். இல்லை, வரைபடத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, நல்ல பெடியள், கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்க விருப்பமில்லை. இடம் மட்டும் என்றால் 45,000 ரூபா, இடமும் போக்குவரத்து இணைப்பும் சேர்த்து என்றால் இன்னும் 20,000. நான் முதலில் இடம் மட்டும் வாங்கினேன்.

முதல் வேலை தரவு எடுப்பது. ஓட்டோ ஓட்டுகிறவர்களின் போனில் ஒரு செயலியைப் போட்டு, எந்த இடத்தில் நிறுத்தி எத்தனை உருப்படி விற்றார்கள் என்று 14 நாளுக்கு அழுத்தச் சொன்னார்கள். செயலி இலகுவானதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஆட்களில் ஒருவர் வழியெல்லாம் அழுத்தச் சோம்பல்பட்டு, முடிந்த பிறகு ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழுத்தியிருக்கிறார். அதனால் தரவின்படி எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளர் அந்தத் தேத்தண்ணிக் கடை. இதை நான்தான் கண்டுபிடித்தேன், அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அரை நட்சத்திரம் அங்கேயே போய்விட்டது.

முதல் அறிக்கை வந்தது. நாற்பது பக்கம், அட்டையில் கோணேசர் கோவில் படம், உள்ளே வண்ண வண்ணமாய் வரைபடம். கடைசிப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் 'உகந்த இடம்' என்று எழுதியிருந்தது. புள்ளி இருந்த இடம் கொட்டியாரக்குடாவுக்கு நடுவில். எங்கள் மூத்த ஓட்டோக்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, “முதலாளி, இனி லோஞ்சில போறணை வைக்கப் போறமோ?” என்று கேட்டார்.

கோபம் வந்தது உண்மைதான். ஆனால் 45,000 கொடுத்தவன் திட்டுவதற்கு முன்னால் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் அறிக்கையின் 6ஆம் பக்கத்தில் முறையை ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். அது வெபர் கணக்கு. 1909இல் அல்பிரட் வெபர் என்ற ஜெர்மன்காரர் தொழிற்சாலையை எங்கே வைப்பது என்று எழுதியதிலிருந்து அந்தப் பெயர். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போகிற சுமையை அவரிருக்கும் தூரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகை எந்த இடத்தில் மிகக் குறைவோ அதுதான் விடை. மூன்றே புள்ளி, மூன்றுக்கும் ஒரே சுமை என்றால் அது 17ஆம் நூற்றாண்டிலேயே பெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் கேட்டுவைத்த கேள்வி. விடைப் புள்ளியிலிருந்து பார்த்தால் மூன்று ஊரும் ஒன்றுக்கொன்று 120 பாகையில் தெரியும் (முக்கோணத்தின் ஒரு மூலையே 120 பாகை அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தால் அந்த மூலையே விடை). புள்ளிகள் கூடக் கூட, ஒரு சூத்திரத்தில் போட்டு ஒரே அடியில் விடை எடுக்க முடியாது. 1937இல் வைஸ்பெல்ட் என்ற ஹங்கேரிப் பெடியன், அப்போது அவனுக்கு இருபது வயது மட்டில்தான் இருக்கும், ஒரு வழி சொன்னான். எங்கேயாவது ஒரு புள்ளியில் தொடங்கு. ஒவ்வொருவருடைய சுமையையும் அங்கிருந்து அவருக்குள்ள தூரத்தால் வகுத்து, வந்ததை நிறையாக வைத்துச் சராசரி இடம் எடு. அந்த இடத்துக்குப் போய் மறுபடி அதையே செய். புள்ளி மெல்ல மெல்ல ஊர்ந்து போய் விடையில் நிற்கும். இந்தச் சேவை செய்வதும் அதைத்தான்.

சரி, இதை வீட்டில் செய்து பார்க்கலாமா என்றால், பார்க்கலாம், அதுவும் கணினி இல்லாமல். ஒரு பலகைத் தாளில் வரைபடத்தை ஒட்டி, நகரம், சீனக்குடா, கிண்ணியா, மூதூர் நான்கு இடத்திலும் துளை போட்டு, ஒவ்வொரு துளைக்குள்ளாலும் தங்கூசி நூல் ஒன்றை இறக்கி, மேலே நான்கு நூலையும் ஒரே முடிச்சாய்க் கட்டினேன். கீழே விற்பனைக்குத் தக்கபடி வலைக்குக் கட்டுகிற ஈயம். பலகையை இரண்டு கதிரைக்கு நடுவே கிடையாக வைத்துவிட்டு முடிச்சை விட்டால் அது இழுபட்டு இழுபட்டு ஓரிடத்தில் போய் நிற்கிறது. துளை ஓரத்தில் நூல் பிடித்துக்கொள்ளும், பலகையை விரலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஈயங்கள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு கீழே இறங்க முடியுமோ அவ்வளவு இறங்கப் பார்க்கும், அதுவே அந்தக் கூட்டுத்தொகை குறைகிற இடமும். போறணை அணைந்த பிறகு இரவு பதினொரு மணிக்கு நானும் மகனும் இதைச் செய்தோம். முடிச்சு போய் நின்ற இடம் கொட்டியாரக்குடாவுக்கு நடு, அறிக்கையின் சிவப்புப் புள்ளிக்கு ஒரு விரல் தள்ளி.

அதாவது அவர்களுடைய கணக்கு பிழையில்லை. நான்கு ஊரும் ஒரு குடாவைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன, நேர்கோட்டில் அளந்தால் நடு என்பது தண்ணீர்தான். என் ஓட்டோ தண்ணீரில் ஓடாது என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த நாள் போன் எடுத்தேன். அந்த நிறுவனத்தில் என் வேலையைப் பார்த்த தங்கச்சி ஒருத்தி பேசினாள். “அண்ணா, பாதைத் தூரம் வேணுமெண்டு படிவத்தில நீங்கள் குறிக்கேல்லையே” என்றாள். படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன், உண்மைதான், ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, நான் கோடு போடவில்லை. ஆனாலும் தங்கச்சி, திருகோணமலையில் வேலை எடுக்கிறவர்கள் அந்தப் பெட்டியை வாடிக்கையாளரிடமா விடுவது? தெருவெல்லாம் கட்டம் கட்டமாய் இருக்கிற ஊரில் தெருத் தூரம் நேர்கோட்டுத் தூரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாது. இங்கே நகரத்துக் கடற்கரையில் நின்றால் எதிரே மூதூர்ப் பக்கம் தெரியும், தரையால் போவதென்றால் குடா முழுவதையும் சுற்ற வேண்டும். இன்னொரு காசு கேட்காமல் இரண்டாவது அறிக்கை செய்து தந்தாள், அதற்கு நன்றி.

இரண்டாவது அறிக்கையில் புள்ளி தரைக்கு வந்துவிட்டது. சீனக்குடா. முதலில் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் பிரிமா மா ஆலை அங்கேதான், மாவுக்குப் பக்கத்திலேயே போறணை என்றால் கேட்க நன்றாகத்தானே இருக்கிறது. ஆனால் அது வெறும் ஆசை. வெபரே சொன்ன விசயம்தான்: செய்கிற பொருள் மூலப்பொருளை விடப் பாரம் குறைந்தால் மூலப்பொருள் பக்கம் போ, கூடினால் வாங்குகிறவன் பக்கம் போ. பாணில் மாவோடு தண்ணீர் சேர்கிறது, பொங்கி இடத்தையும் அடைக்கிறது. மா மூட்டையை அடுக்கி ஏற்றலாம், பாணை அப்படி ஏற்ற முடியாது. ஆகவே பேக்கரியை இழுப்பது சாப்பிடுகிற வாய்கள்தான். கோதுமை கப்பலில் வருவதால் ஆலை துறைமுகத்தில் இருக்கிறது, அது அவர்கள் கணக்கு.

அதே அறிக்கையில் இரண்டு பெரிய ஓட்டை. ஒன்று, ஒரு ஓட்டோவின் குறுக்கு வழியைக் கடற்படைத் தளத்துக்குள்ளால் போட்டிருந்தார்கள். வரைபடத்தில் வீதி இருக்கிறதுதான், பாண் மணி அடித்துக்கொண்டு டொக்யார்ட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று மென்பொருளுக்குத் தெரியாது. இரண்டாவது ஓட்டை பெரியது, அதில் எனக்கும் பங்கு உண்டு. தரவு எடுத்த 14 நாளும் நோன்பு மாதத்துக்குள் விழுந்தன. கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்புக்குக் காலையில் யார் பாண் வாங்குவது? காலை விற்பனை பாதிக்கும் கீழே. நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பற்றிஸும் ரோல்ஸும் பறக்கும், அது வேறு ஓட்டம், செயலி காலை ஓட்டத்தை மட்டுமே எடுத்தது. பெருநாள் முடிந்து சாதாரண இரண்டு கிழமையை எடுத்துக் கொடுத்தேன். புள்ளி சீனக்குடாவை விட்டு எழும்பிப் பாலத்தைத் தாண்டிக் கிண்ணியாவில் போய் உட்கார்ந்தது.

இந்த இடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒன்றை இலவசமாகச் சொல்கிறேன், இதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். எங்கள் தெற்குப் பக்கம் கிட்டத்தட்ட ஒரே கயிறு: நகரம், சீனக்குடா, கிண்ணியா, மூதூர் என்று வரிசையாய்க் கோர்த்த மணி. விற்பனை நூற்றுக்கு நகரத்தின் தெற்குப் பகுதி 30, சீனக்குடா 15, கிண்ணியா 30, மூதூர் 25. கயிற்றை எங்கேயாவது வெட்டு. எந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் இருக்கிறதோ அந்தப் பக்கம் நகரு. கிண்ணியாப் பாலத்தில் வெட்டினால் இந்தப் பக்கம் 45, அந்தப் பக்கம் 55, ஆகவே பாலத்தைத் தாண்டு. கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நடுவில் வெட்டினால் 75க்கு 25, திரும்பி வா. விடை கிண்ணியா, கை விரலில் எண்ணிவிடலாம். இதில் வேடிக்கை என்னவென்றால் தூரமே கணக்கில் வரவில்லை. மூதூர் இன்னும் பத்து மடங்கு தள்ளியிருந்தாலும் விடை அதேதான். வளையம் இல்லாமல் கிளை விட்டுப் போகிற எந்த வீதி அமைப்புக்கும் இது பொருந்தும், 1971இல் கோல்ட்மன் எழுதியது. அதற்கும் முன்னால் 1962இல் சீனாவில் ஹுவா லோ-கெங் என்ற கணிதவியலாளரும் கூட்டாளிகளும் கோதுமை சூடடிக்கிற களத்தை எங்கே போடுவது என்று பார்க்கப் போய் இதே விதியில்தான் வந்து நின்றார்கள். தம்பலகாமத்தில் வயல் வைத்திருக்கிற என் மாமாவுக்கு இதைச் சொன்னேன். “இது தெரியாமலோ நாங்கள் இவ்வளவு காலமும் களம் போட்டனாங்கள்” என்றார்.

வளையங்கள் உள்ள வீதி வலை என்றாலும் பயப்பட வேண்டாம், 1964இல் ஹக்கிமி காட்டியபடி சிறந்த இடங்களில் ஒன்று கட்டாயம் ஒரு சந்தியிலோ வாடிக்கையாளர் இருக்கும் இடத்திலோ கிடைக்கும். நடு வீதியில் தேடத் தேவையில்லை.

கணக்கு சரி, கிண்ணியா. ஆனால் இரண்டாவது போறணை கட்டுகிற செலவு, வாடகை, பாண் போடுகிற இன்னொரு பாஸ்மாஸ்டர் சம்பளம், விறகு, எல்லாவற்றையும் மகன் ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது பாலத்துக்கு இந்தப் பக்கமே இருந்துவிடலாம் போலிருந்தது. அந்த நேரம்தான் தங்கச்சி “அண்ணா, இணைப்புப் பொதியையும் எடுத்துப் பாருங்கோ” என்றாள். விற்பனைப் பேச்சு என்று தெரிந்துகொண்டே 20,000 கொடுத்தேன். அதில் வந்த மூன்றாவது அறிக்கையில்தான் அந்த 11ஆம் பக்கம்.

கேள்வியையே மாற்றிப் போட்டிருந்தார்கள். கடையை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்காமல், ஒரு இடமும் ஒரு வேகமான கோடும் சேர்த்து வைக்கலாம் என்றால் இரண்டையும் எங்கே வைப்பது? அந்தக் கோட்டில் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்று, எங்கே வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம், நம்முடைய கண்டி வீதி போல. மற்றது முனைகளில் மட்டும்தான் ஏறி இறங்கலாம், 2011இல் தெற்கில் திறந்த அதிவேகப் பாதையில் இடையில் நினைத்த இடத்தில் நுழைய முடியாதே, அந்த மாதிரி. என் பட்டா லொறி இரண்டாவது வகை. போறணை வாசலில் ஏற்றினால் ஒரேயடியாய் மறுமுனையில் இறக்கும், வழியில் நிறுத்தி ரோஸ் பாண் விற்காது. ஆகவே ஒரு முனை பேக்கரி வாசல், மறுமுனை எங்கே என்பதுதான் கேள்வி.

மறுமுனையை ஒவ்வொரு இடமாய் வைத்துப் பார்க்கிறார்கள். வைக்கிற இடத்தைப் பொறுத்து வாடிக்கையாளர்கள் இரண்டாகப் பிரிவார்கள், நகரத்திலிருந்து நேரே ஓட்டோ போனால் இலாபமான ஆட்கள் ஒரு பக்கம், லொறி இறக்கும் இடத்திலிருந்து போனால் இலாபமான ஆட்கள் மறு பக்கம். வரைபடத்தில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு வளைந்து போனது. ஏன் வளைகிறது என்று கேட்டேன். இரண்டு முனையும் சமமாய் இருந்தால் எல்லை நடுச் செங்குத்துக் கோடாய் நேராய்ப் போகும், கடைகளைச் சுற்றி ஆட்சி எல்லை வகுக்கிற வொரொனோய் வரைபடம் அப்படிக் கோடுகளால் ஆனதுதான். ஆனால் மறுமுனைக்குப் பாண் வந்து சேரவே லொறி ஓடுகிற நேரம் ஒன்று இருக்கிறது, அந்தப் பாரத்தை மறுமுனை சுமக்கிறது. இரண்டு தூரத்துக்கும் நடுவில் ஒரே அளவு வித்தியாசம் வருகிற புள்ளிகளைத் தொடுத்தால் கிடைப்பது அதிபரவளைவு. ஏ.எல். வகுப்பில் சும்மா மனப்பாடம் செய்த அந்தச் சொல்லைப் பாண் கணக்கில் சந்திப்பேன் என்று நினைக்கவில்லை. கோடு மறுமுனைப் பக்கமாய் மடங்கி அதைச் சுற்றிக்கொள்கிறது, லொறி மெதுவானால் இன்னும் இறுக்கிக்கொள்ளும். எங்கள் கணக்கில் சீனக்குடா இந்தப் பக்கமும் கிண்ணியாவும் மூதூரும் அந்தப் பக்கமுமாய்ப் பிரிந்தன. முனை, பாலத்தைக் கடந்ததும் கிண்ணியாப் பக்கம்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். அதிகாலை நாலேகாலுக்குப் பட்டா புறப்படும், பாலத்தடியில் இறக்கும். கிண்ணியாக்காரரான இரண்டு ஓட்டோ ஆட்கள் ஓட்டோவை வீட்டிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள், பாண் வந்ததும் ஏற்றிக்கொண்டு ஒருவர் ஊருக்குள், ஒருவர் மூதூருக்கு. கிளையும் வேண்டாம், போறணையும் வேண்டாம். முன்பு அவர்கள் விடிய நகரத்துக்கு வந்து, பிறகு வெறும் பெட்டியோடு கணக்குக் கொடுக்க மறுபடி வந்த ஓட்டம் முழுக்க மிச்சம். அந்த 20,000 இரண்டு மாதத்துக்குள் திரும்பிவிட்டது.

பாலம் இல்லாமல் இதெல்லாம் பேச்சுக்குத்தான். 2009 ஒக்டோபரில் அந்த 396 மீற்றர் பாலத்தைத் திறந்தபோது நாட்டிலேயே நீளமானது அதுதான். அதற்கு முன்னால் பாதையில்தான் கடக்க வேண்டும் (வெளியூர்க்காரருக்கு: துறையில் பாதை என்றால் வீதி இல்லை, வாகனத்தையும் ஆளையும் ஏற்றி இழுக்கிற மிதவை). அப்பா பாண் பெட்டியோடு துறையில் காத்திருந்த கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். பாதை மறுகரையில் நின்றால் பாண் ஆறிவிடும். இரண்டு கரைக்கும் நடுவே பாலத்தை எங்கே போட்டால் மிக நீண்ட பயணம் மிகக் குறைவாகும் என்பதற்கும் வடிவியலில் தனியாகக் கணக்கு இருக்கிறது என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை இரண்டு பக்கமாய் எழுதியிருக்கலாம். பதிலாய் நான்கு பக்கத்துக்கு ஸ்டைனர் மரம் (கொடுத்த புள்ளிகளை ஆகக் குறைந்த நீளத்தில் இணைக்கிற கோடுகள்) என்று ஒன்றைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். பக்க நீளம் 1 உள்ள சதுரத்தின் நான்கு மூலையையும் மூன்று பக்கக் கோட்டால் இணைத்தால் நீளம் 3, நடுவில் இரண்டு புதுச் சந்தி போட்டு இணைத்தால் 2.73. அழகான விசயம், தண்ணீர்க் குழாய் பதிக்கிறவருக்கும் மின்கம்பி இழுக்கிறவருக்கும் நல்லது. ஓட்டோவுக்கு யார் புது வீதி வெட்டித் தரப் போகிறார்கள்?

இன்னொரு குறை. 'உகந்த இடம்' என்ற ஒரே பெயரில் இரண்டு புள்ளியை ஒரே சிவப்பில் போட்டிருந்தார்கள். ஒன்று மொத்தத் தூரம் குறைகிற இடம், மற்றது ஆகத் தூரத்தில் இருப்பவருக்கான தூரம் குறைகிற இடம். இரண்டாவது 1857இல் சில்வெஸ்டர் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் கேட்ட கேள்வி, எல்லாப் புள்ளியையும் அடக்குகிற ஆகச் சின்ன வட்டத்தின் நடு. அதைத் தீர்மானிப்பது விளிம்பில் இருக்கிற இரண்டு மூன்று பேர்தான், உள்ளே ஆயிரம் பேர் இருந்தாலும் அசையாது. அம்புலன்ஸ் நிறுத்துகிறவருக்கு அது வேண்டும். பாண் விற்கிறவனுக்கு முதலாவது. எது எது என்று எழுதாமல் விட்டால் விளங்காதவன் தப்பான புள்ளியில் கடை பிடித்துவிடுவான்.

எடுக்கலாமா என்று கேட்டால், தண்ணீர்க் கான் கொண்டு போகிறவர்கள், மீனுக்கு ஐஸ் போடுகிறவர்கள், காஸ் சிலிண்டர் ஏஜென்ட் மாதிரி ஒரு இடத்திலிருந்து பல இடத்துக்கு ஓடுகிறவர்கள் எடுக்கலாம், ஆனால் இணைப்புப் பொதியோடு எடுங்கள், இடம் மட்டும் வேண்டாம். ஒரே வீதியில் வியாபாரம் என்றால் எடுக்காதீர்கள், மேலே சொன்ன கயிறு வெட்டுகிற முறை போதும். பாதைத் தூரம் என்ற பெட்டியில் கோடு போடுங்கள். அறிக்கையோடு அட்டவணைக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள், கேட்டால்தான் தருகிறார்கள்.

மாரியில் மூதூர் வீதியில் ஓட்டோ ஓடுகிற நேரம் கூடிவிடுகிறது, அந்த வளைந்த கோடு அப்போது எங்கே போகும் என்று பார்க்க ஜனவரியில் இன்னொரு 14 நாள் தரவு எடுத்து அனுப்பியிருக்கிறேன். 12,000 கேட்டார்கள், 8,000க்குப் பேசி முடித்தேன். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து அழுத்தியவருக்கு இந்த முறை செயலி கொடுக்கவில்லை.